வெயிலுகந்தாள் வீட்டு வாசல் வரிசை

இதை எங்கிருந்து ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் போய் முடியும் என்கிற பயத்தில் வெயிலுகந்தாள் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. செருப்பிலிருந்து ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள், மகளிலிருந்து ஆரம்பித்தால் நீ வளர்த்த லட்சணம் என்பார்கள், வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால் அந்த ஊரில் அந்த வரிசையில் நிற்காத ஆளே கிடையாது, எங்களுக்குத் தெரியாததா என்று பாதியிலேயே வாயை அடைத்துவிடுவார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவள் அவள். கோவையாகப் பேச வராது. ஒரு சொல் இடம் மாறி விழுந்து, அதைப் பிடித்துக்கொண்டு யாராவது, அப்படியானால் எல்லாம் உன்னால்தானா என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று நினைத்ததுமே அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். ஆனாலும் அது நடந்தது, இப்படித்தான் நடந்தது.

சாத்தூருக்குக் கிழக்கே, கரிசல் பூமியில், ஆறு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற சின்ன ஊர் அது. வெயிலுகந்தாளின் புருஷன் பால்பாண்டி சேவுக் கடையில் மாஸ்டர். இருபது வருஷமாக எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று நின்று கண் இரண்டும் சிவந்துபோனவன். ஒரே மகள் சுபாஷிணி. பிளஸ் டூ படித்த இரண்டு வருஷமும் அவள் புத்தகத்துக்குள் ஒரு படத்தை வைத்திருந்தாள். ஆட்களை உட்காரவைத்து ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தலைகீழாகக் கவிழ்க்கிற ராட்சத ராட்டினத்தின் படம். "பாஸாயிரு, அதுல ஏத்தி விடுறேன்" என்று பால்பாண்டி சொல்லியிருந்தான். அவள் பாஸானாள், நர்சிங் காலேஜில் இடமும் கிடைத்தது, ஆவணியில் போய்ச் சேர வேண்டும், அதற்கு முன்னால் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய், அந்த ராட்டினமும் தண்ணீர் விளையாட்டுகளும் இருக்கிற பார்க்கில் இறங்கினார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில், ஆஸ்பத்திரி இந்த நாலும் இல்லாத ஒரு காரியத்துக்காக அந்தக் குடும்பம் வெளியூர் போனது அதுவே முதல் தடவை.

சேலை கட்டினவர்களைத் தண்ணீருக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், வாடகைக்குத் தருகிற நைலான் உடுப்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வெயிலுகந்தாள் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. மத்தியானம், ராட்டினத்துக்கு முன்னால் வரிசை மடிந்து மடிந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அவள் ஊர்க் குழாயடியில் யாரும் ஆளாக நிற்பதில்லை. குடம் நிற்கும், குடம் இல்லாதவளுக்குக் கல் நிற்கும், கல்லும் இல்லையென்றால் ஒரு செருப்பு நிற்கும், செருப்பு நிற்கிற இடம் அந்த வீட்டின் இடம், அதை நகர்த்தினவளோடு ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பழக்கத்தில் மகளின் செருப்பில் ஒன்றை எடுத்து வரிசையின் வாலில் வைத்தாள்.

"அம்மா, இங்க அப்பிடியெல்லாம் கெடையாதும்மா."

"எல்லா ஊர்லயும் மனுசங்கதான இருக்காக? வாத்தா, நெழல்ல உக்காந்து ரெண்டு வாய் எலுமிச்சஞ் சோறு தின்னுட்டு வருவோம். வெறும் வயித்தோட தலகீழாத் தொங்குனா மயக்கம் வந்துரும்."

சாப்பிட்டு, கை கழுவி, பால்பாண்டி ஒரு கண் அசந்து எழுந்து வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. செருப்பு ஒரு செடிக்கடியில் கவிழ்ந்து கிடந்தது. அது நின்ற இடத்தைத் தாண்டி இருநூறு பேர் நின்றார்கள். என் செருப்பு நின்ன எடம், என் செருப்பு நின்ன எடம் என்று வெயிலுகந்தாள் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னாள். நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த ஒருத்தர் சிரித்தார், அவர் சிரித்ததும் வரிசையே சிரித்தது, இரண்டு பேர் அவளைச் செல்போனில் படம் பிடித்தார்கள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வாலில் நின்றாள். வெயிலில் இரண்டரை மணி நேரம். அவர்களுக்கு முன்னால் ஒன்பது பேர் மட்டும் மிச்சம் இருந்தபோது கேட்டில் நின்றவன் சங்கிலியை இழுத்து மாட்டி, இன்றைக்கு இவ்வளவுதான் என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அவ்வளவு நேரம் பொறுமையாக நின்ற ஜனம் ஒரு நொடியில் வேறு ஜனமாக மாறியது. போர்டு விழுந்தது, பூந்தொட்டிகள் உடைந்தன, கேட்டுக்காரனின் சட்டை கிழிந்து தோளில் தொங்கியது, நான் சம்பளத்துக்கு நிக்கிற ஆளுங்க, ராட்டினம் என்னுதில்லைங்க என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான், கும்பிட்ட கையிலும் அடித்தார்கள். வெயிலுகந்தாளின் கைக்குள்ளும் அவன் சட்டைத் துணி கொஞ்சம் இருந்தது. எப்போது பிடித்தாள், ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் சுபாஷிணி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நீ கூட வராம இருந்திருந்தா நான் ஏறியிருப்பேன்."

அத்தோடு அவள் அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

கூட்ட நெரிசலில் ஜோடியில் ஒன்று தொலைந்துபோய், இடம் பிடித்த அந்த ஒற்றைச் செருப்பு மட்டும்தான் வீடு வந்தது. அதை வாசற்படிக்குக் கீழே, கதவைப் பார்த்தவாக்கில் போட்டுவிட்டு வெயிலுகந்தாள் படுத்தாள். மறுநாள் காலை வாசல் தெளிக்க வாளியோடு கதவைத் திறந்தபோது, செருப்புக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். முதலில் நீச்சல் கண்ணாடிக்காரர், அவருக்குப் பின்னால் மஞ்சள் கயிறு ஈரம் காயாத ஒரு புதுப்பெண், அவள் மாப்பிள்ளை, துண்டைத் தலையில் சுற்றிய ஒரு தடித்த அம்மாள், இப்படியே தெருவின் முக்கு திரும்பி மறைகிற வரைக்கும், எல்லாரும் அந்த நைலான் உடுப்போடு, தலைமுடியில் சொட்டுகிற தண்ணீரோடு. தெருநாய்கள் வாசனை பிடித்துவிட்டுக் குலைக்காமல் படுத்துக்கொண்டன.

"நீங்கள்லாம் யாருங்க?"

"நீங்க சொன்னது நாயந்தாங்க்கா" என்றார் கண்ணாடிக்காரர். "செருப்பு நின்னா ஆள் நின்ன கணக்குத்தான். எங்களுக்குத்தான் அப்ப வெளங்கல. ஒங்களுக்குப் பின்னாடிதான் நாங்க."

"எதுக்கு நிக்கிறீங்க?"

"எங்க முறைக்குத்தான்" என்று அவர் பவ்யமாகச் சொன்னார்.

பால்பாண்டி கோபத்தில் அந்தச் செருப்பைத் தூக்கிக் குப்பை வண்டியில் எறிந்தான். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் அவர்கள் செருப்பை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

எதிர்வீட்டுக் காளீஸ்வரி பல் விளக்கிக்கொண்டே வந்தாள். "என்ன மதினி, எதும் எலவசமா குடுக்காகளா?"

"ஒண்ணும் குடுக்கல மதினி. இவுக தெரியாம வந்து நிக்காக."

"இம்புட்டுப் பேரும் தெரியாமலா நிப்பாக? பக்கத்து வீட்டுக்காரின்னு ஒரு வார்த்த சொல்லாம மூடி மூடி வைக்கீகளே" என்று சொல்லிவிட்டுப் போனவள், வாயைக் கொப்பளித்த கையோடு ஒரு நெளிந்த குடத்தைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்தாள். வரிசை அந்தக் குடத்துக்கு வழிவிட்டு, அதையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டது. பத்து மணிக்குள் தெருவில் பாதி வீட்டுக் குடங்கள் நின்றன. சாயங்காலத்துக்குள் குடத்துக்குப் பதிலாக ஆட்களே வந்துவிட்டார்கள்.

முதல் வாரம் ஊர் முணுமுணுத்தது, இரண்டாம் வாரம் பழகியது, மூன்றாம் வாரம் அந்த வரிசை இல்லாமல் ஊர் எப்படி இருந்தது என்பதையே மறந்துபோனது. வார்டு மெம்பர் தங்கமாரியப்பன் சவுக்குக் கம்பு ஊன்றிக் கயிறு கட்டிக்கொடுத்து, மோர்ப் பந்தலுக்குத் தன் படம் போட்டுத் தட்டி வைத்தார். தபால்காரர் வீடு வீடாகப் போவதை விட்டுவிட்டு வரிசையில் நடந்தபடியே கடிதங்களைக் கொடுத்தார். மாரியம்மன் சப்பரம் வந்தபோது வரிசை நடுவில் விலகி வழிவிட்டு, சப்பரம் போனதும் பழையபடி ஒட்டிக்கொண்டது. முக்குவீட்டு வேலாயுதத்தின் பாடை போனபோதும் அதேபோல் விலகி ஒட்டிக்கொண்டது, கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த அவர் மகன் தன் இடத்தில் வந்து நின்றுகொண்டான். வரிசைக்குள்ளேயே பொண்ணு பார்த்தார்கள், வரிசைக்குள்ளேயே பூ வைத்தார்கள். தலையில் துண்டு சுற்றிய அம்மாளின் மருமகள் பந்தல் நிழலில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள், அதற்கு வரிசைக்கனி என்று பேர் வைத்து, பிறந்த அன்றைக்கே அதற்கென்று தனியாக ஓர் இடமும் கொடுத்தார்கள்.

பால்பாண்டிகூட மாறிவிட்டான். சேவுப் பொட்டலங்களைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வரிசையோரம் நடக்க ஆரம்பித்தவன், எண்ணெய்ப் புகை இல்லாத காற்றைக் குடித்துக் குடித்துக் கண் வெளுத்துப்போனான். "இருபது வருசத்துல இப்பத்தான் மனுச மொகத்தப் பாக்கிறேன் வெயிலு" என்றான். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குள் நுழையப் போனவனைப் பார்த்து வரிசை கூச்சல் போட்டது. ஏய்யா, நாங்கள்லாம் இங்க புளியங்கொட்டையா, வரிசைல வாய்யா. என் வீடுய்யா இது என்று அவன் சொன்னான். அதுக்காக, என்றார்கள். அவனுக்கே அது நியாயமாகப் பட்டது, திரும்பிப் போய் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கடைசி ஆளாக நின்றான், அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள் வரவே இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்பதில் மட்டும் ஆளுக்கு ஒரு பேச்சு. வேலைக்கு உத்தரவு கொடுக்கிறார்கள் என்றான் பட்டம் வாங்கிவிட்டுத் தீப்பெட்டி ஆபீசில் லோடு தூக்குகிறவன். துபாய்க்குப் போய்ப் பேச்சில்லாமல் போன என் வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார், முகம் காட்டுவார் என்றாள் ஒருத்தி. நீச்சல் கண்ணாடிக்காரர் அந்த ராட்டினமே உள்ளே இருக்கிறது, மடக்கி வைத்திருக்கிறார்கள் என்று நம்பினார். வெயிலுகந்தாள் கதவை விரியத் திறந்துபோட்டு, "வந்து பாருங்கய்யா, ஒரு கிரைண்டர், ஒரு பீரோ, கொடியில நாலு துணி, வேற ஒண்ணும் இல்லய்யா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் கதவைத் திறக்கிறபோதெல்லாம் அவர்கள் மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். முறை வருவதற்கு முன்னால் எட்டிப் பார்ப்பது அசிங்கம் என்று வரிசைக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டாகியிருந்தது.

"இல்லன்னுதான் சொல்லுவாக" என்றாள் காளீஸ்வரி பக்கத்தில் நின்றவளிடம். "இருக்கிறவுக என்னைக்கு இருக்குன்னு சொல்லிருக்காக?"

"நீங்க கூப்பிடுறப்ப கூப்பிடுங்கக்கா. அவசரமில்ல" என்றார் கண்ணாடிக்காரர்.

அவசரமில்லை என்கிற அந்தச் சொல்தான் வெயிலுகந்தாளைப் பயமுறுத்தியது. இப்படித்தான் அங்கேயும் நின்றார்கள், இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு சிரிப்போடு. என்றைக்காவது ஒருநாள் முதல் ஆளை உள்ளே வாங்க என்று கூப்பிட வேண்டும். அவர் கிரைண்டரைப் பார்ப்பார், பீரோவைப் பார்ப்பார், வெளியே வந்து பின்னால் நிற்கிறவரிடம் சொல்வார், அந்தச் சொல் வாய்க்கு வாய் தாவி ரயில்வே கேட்டை எட்டுவதற்குள் இந்த ஓடு இருக்காது, இந்தச் சுவர் இருக்காது, அவள் கும்பிடுவாள், கும்பிட்ட கையிலும் அடிப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவளும்தானே ஒருத்தன் சட்டையைப் பிடித்தாள்.

இதற்கெல்லாம் நடுவில் சுபாஷிணி உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெயிலுகந்தாள் பிடித்ததையெல்லாம் செய்து வைத்தாள், தட்டு காலியாக வந்தது, பேச்சு வரவில்லை. ஆவணிக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், திட்டினால்கூடப் போதும், ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை இப்படியே போய்விட்டால் அப்புறம் அந்தப் பேச்சு எந்தக் காலத்திலும் திரும்பாது என்று அவள் பெற்ற வயிறு சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனி மாதம் ஒருநாள் காலை, காப்பித் தம்ளரோடு போய்ப் பார்த்தபோது அறையில் ஆள் இல்லை. தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு போர்வையும் இல்லை. வரிசையோரமாகவே நடந்து, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், களத்துமேடு எல்லாம் தாண்டிப் போனால், ரயில்வே கேட்டுக்கும் அப்பால், பருத்திக் காட்டோரம் கடைசி ஆளாக நின்றாள் சுபாஷிணி.

"அடியே, நீ அந்த வீட்டுக்குள்ளதான இருந்த? உள்ள ஒண்ணுமில்லன்னு ஒனக்குமா தெரியாது?"

நாற்பது நாளைக்குப் பிறகு மகள் வாயைத் திறந்தாள்.

"உள்ள இருந்ததுனாலதான் எனக்கு ஒண்ணும் கெடைக்கல. இப்ப மொறையா நிக்கிறேன்."

"காலேஜு?"

"மொறை வந்ததும் போறேன்."

"சுபா, நான் செஞ்சது தப்புத்தாண்டி. அந்தச் செருப்ப நான் வச்சிருக்கக் கூடாது."

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றாள் மகள், கோபமே இல்லாத குரலில். "நடுவுல பூந்துட்டேன்னு நெனைக்கப் போறாக."

வீட்டுக்காரியின் மகள் என்று தெரிந்து சிலர் அவளை முன்னால் போகச் சொன்னார்கள், அவள் சம்மதிக்கவில்லை. ஆனால் காலம் அவளை நகர்த்தியது. லீவு முடிந்து, வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள்; ஒரு விடியற்காலையில் நீச்சல் கண்ணாடிக்காரர் இருந்த இடத்தில் ஒரு ஈரத் தடம் மட்டும் இருந்தது. சிலருக்கு வேலை வந்தது, சிலருக்குச் சாவு வந்தது, விதைப்பு வந்ததும் முன்னால் நின்ற உள்ளூர்க்காரர்களும் ஒவ்வொருவராகக் காட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு இடம் காலியாகிறபோதும் எல்லாரும் ஒரு எட்டு வைத்தார்கள், எட்டு வைக்கிறபோது ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது, நகருது, நகருது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள், கேள்விப்பட்டுக் கழுகுமலையிலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும் வந்தவர்கள் வாலை நீட்டினார்கள். காலேஜிலிருந்து ஒரு கடிதம் வந்தது, பிறகு இன்னொன்று வந்தது, பிறகு வரவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. இடையில் நின்றவர்கள் உதிர்ந்து அப்பனுக்கு அடுத்த ஆளாக வந்தபோது சுபாஷிணி அவனிடம் ஒரு பொட்டலம் சேவு வாங்கித் தின்றாள் என்று காளீஸ்வரி வந்து சொன்னாள். அவன் தன் இடத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டானாம். இதைக் கேட்டு வெயிலுகந்தாள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குள் அவள் முன்வாசல் வழியாகப் போவதையே விட்டிருந்தாள். குளியலறைக்குப் பக்கத்தில் பின்சுவர் இடுப்பளவுதான். அதைத் தாண்டி, கருவேலஞ் செடிகளுக்கிடையே போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வருவாள். அடுப்புப் புகை வெளியே தெரிந்தால்கூட, ஏற்பாடு நடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள் என்பதால் சமைப்பதையும் குறைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்த ஒரு பகல் பதினொரு மணிக்கு, வாசற்படியில் யாரோ உட்காருகிற சத்தம் கேட்டது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். சுபாஷிணிக்கு முன்னால் யாரும் இல்லை. அவள்தான் முதல் ஆள். வெயிலில் கறுத்திருந்தாள், கழுத்தெலும்பு துருத்தியிருந்தது, முடியை வாரி இறுக்கிப் பின்னி, பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வெயிலுகந்தாள் பார்த்ததே இல்லை, பிறந்த அன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை. ஒரு பலகை தடிமன்தான் இடைவெளி. மூச்சு விட்டாலே கேட்கும்.

"அம்மா" என்றாள் சுபாஷிணி, கதவைப் பார்த்து, மெதுவாக. "உள்ளயா இருக்க?"

"இருக்கேன்த்தா."

"எப்பம்மா தொறப்பாக?"

தொறப்பாக. யாரோ திறப்பார்கள். உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள், அவர்கள் திறப்பார்கள், அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளை அப்படித்தான் கேட்டாள். வெயிலுகந்தாளின் கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது. திறந்து, வாத்தா, கால் வலிக்கும், கஞ்சி குடி என்று சொல்ல வேண்டியதுதான்; சொன்னால் மகள் உள்ளே வருவாள்; கிரைண்டரைப் பார்ப்பாள்; பீரோவைப் பார்ப்பாள்; அந்த வெளிச்சம் அணைவதை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டாவது தடவையும் உன்னால்தான் என்று அவள் சொல்லக்கூட மாட்டாள். வெளியே திரும்பி, பின்னால் நிற்கிறவர்களிடம், இல்லை என்று ஒரு சொல் சொல்வாள். அந்தச் சொல்லுக்கு வாசலில் மட்டும் ஆயிரம் பேர் காத்திருந்தார்கள்.

"சொல்றேன் இருத்தா" என்றாள் வெயிலுகந்தாள். "கொஞ்சம் பொறு."

"சரிம்மா. அவசரமில்ல."

வெயிலுகந்தாள் கொடியில் கிடந்த பழைய சேலையை எடுத்துத் தலையோடு முக்காடு போட்டுக்கொண்டாள். ஜன்னல்களைச் சாத்தினாள். பின்சுவர் மேல் காலைப் போட்டு இறங்கி, கருவேலஞ் செடிகளுக்குள் குனிந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடம் போனது, களத்துமேடு போனது, ரயில்வே கேட்டும் பருத்திக்காடும் போய், அடுத்த ஊர்க் கண்மாய்க்கரை மேல் ஏறி, அங்கே கடைசியாக நின்ற ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து வீடு தெரியவில்லை. ஓடுகூடத் தெரியவில்லை.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். கைப்பிள்ளைக்காரி, வெளியூர் முகம். "எக்கா, ஒங்களுக்கு எதும் தெரியுமா? அங்க போனா என்ன கெடைக்கும்?"

"எனக்கும் தெரியாதும்மா" என்றாள் வெயிலுகந்தாள். "நல்லா இருக்கும்னு சொல்றாக."

சற்று நேரத்தில் அவளுக்குப் பின்னால் ஒருத்தர் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் இரண்டு பேர். முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள். இனி யாரும் அவளிடம் வந்து எதையும் கேட்க முடியாது. எங்கோ முன்னால் யாரோ ஒரு எட்டு வைத்திருக்க வேண்டும், வரிசை அசைந்தது, அவளும் ஒரு எட்டு வைத்தாள். வீட்டை விட்டுக் கிளம்புகிற எல்லாப் பெண்களையும்போல, முன்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டோமா என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.